போதகரை அன்று, போதனையைச் சோதிப்போம்

கள்ளும் வெள்ளை, பாலும் வெள்ளை என்பது நம் நாட்டுப்புறப் பேச்சு. நிறத்தை நம்பிக் குடிப்பவன் நிலைதடுமாறுவான் என்பது அதன் உட்பொருள். எங்கள் வேலந்தாவளத்தை அடுத்த சிற்றூர்களில் பால் கூட்டுறவுச் சங்கங்கள் பல உண்டு. விடியற்காலையில் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பவர் ஊர்ப் பெரியவராயினும் சரி, ஒற்றைப் பசுவை வைத்து வயிறு கழுவும் கைம்பெண்ணாயினும் சரி, பால்மானி இருவர் பாலிலும் ஒரே வகையாகத்தான் மிதக்கும். ஊற்றுபவரின் முகத்தை அது பார்ப்பதில்லை. ஊற்றிய பாலைத்தான் பார்க்கிறது. "என்னையா சோதிக்கிறாய்?" என்று எவரும் சினப்பதில்லை. சினந்தால் அன்றே அவர் பாலின்மேல் ஐயம் பிறந்துவிடும்!

வயிற்றுக்குள் இறங்கும் பாலுக்கு இத்துணைக் காவல். உள்ளத்துக்குள் இறங்கி, ஒருவனுடைய படிப்பையும் பணத்தையும் உறவையும் உயிரையுமே ஆளவல்ல போதனைக்கு நாம் வைத்துள்ள காவல் யாது? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

கிறித்தவ சபைகளுக்குள் நுழையும் கள்ளப் போதகத்தைப் பற்றித் தமிழ் மாணவர் மன்ற இதழில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். "அது அவர்கள் வீட்டுச் சிக்கல், நமக்கென்ன?" என்று பிற சமயத் தோழர்கள் கருதலாம். அங்ஙனம் கருத வேண்டா. நம் விடுதியில் ஓர் அறையில் உறங்குபவர்களில் ஒருவன் கிறித்தவன், ஒருவன் சைவன், ஒருவன் இசுலாமியன், ஒருவன் கடவுளே இல்லை என்பவன். ஒருவனுடைய சிந்தனையைப் பூட்டிச் சாவியை எடுத்துச் செல்லும் கலை எந்தச் சமயத்திலும், எந்தக் கட்சியிலும் ஒன்றுதான். நான் கோயில் மணியோசை கேட்டு வளர்ந்தவனாதலின், எனக்குத் தெரிந்த வீட்டைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த வீட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விளக்கம். சபைக்குச் சபை வேறுபடும் கொள்கையெல்லாம் கள்ளப் போதகம் அன்று. குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கலாமா, வளர்ந்தவர்க்கு மட்டுமா? ஆயர் வேண்டுமா, மூப்பர் போதுமா? இவற்றிலெல்லாம் கற்றறிந்த நல்லோர் நூற்றாண்டுகளாக வேறுபட்டு நிற்கின்றனர். தனக்குப் பிடிக்காத சபையையெல்லாம் "கள்ளச் சபை" எனத் தூற்றுவது காவல் அன்று, காழ்ப்பு. நான் கள்ளப் போதகம் என்பது, கிறித்தவர் தம் வேதமென ஏற்றுள்ள நூல் மறுப்பதை அந்நூலின் பெயராலேயே விற்பதை. சோதிக்க வேண்டியதைச் சோதிக்கவிடாமல் மறைப்பதை.

அத்தகைய போதகம் கொம்பும் கோரைப்பல்லுமாக வந்தால் குழந்தையும் ஓடிவிடும். அது அப்படி வருவதில்லை. நல்லவர் வாய்வழியாக, நல்ல பாட்டோடு, உண்மையான கண்ணீரோடு வருகிறது. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. எங்கள் பாலக்காட்டு மண்ணிலேயே உண்டு.

1835-இல் பாலக்காட்டுப் பகுதியில் ஓர் அந்தணர் குடும்பத்தில் பிறந்தவர் இராமய்யன். இசையும் வடமொழியும் தமிழும் மலையாளமும் கற்றுத் தேர்ந்தவர். திருவிதாங்கூருக்குக் குடிபெயர்ந்து, வேதாகமத்தைப் படித்து, 1861-இல் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்றார். யுஸ்துஸ் யோசேப்பு என்னும் பெயர் பூண்டார். புலமையைக் கண்டு வியந்த மக்கள் அவரை 'வித்துவான்குட்டி' என்று அன்போடு அழைத்தனர். ஆங்கிலத் திருச்சபைத் தொண்டு நிறுவனமான சி.எம்.எஸ். அவரைக் குருவாக்கியது. சாதியையும் சொந்தத்தையும் துறந்து வந்தவர். பணத்தாசை பிடித்தவர் என்று பகைவரும் சொல்ல முடியாதவர்.

அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஓர் எழுப்புதல் கிளர்ந்திருந்தது. 1860-இல் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் கிறிஸ்தியான்பேட்டையில் தொடங்கிய அவ்வலை, 1873-ஐ ஒட்டித் தமிழ் உபதேசிமார் வாயிலாக மலை கடந்து மத்தியத் திருவிதாங்கூரை அடைந்தது. மக்கள் தம் தீமைகளை வெளிப்படச் சொல்லி அழுதனர், குடித்தவர் குடியை விட்டனர், பகைத்தவர் கைகோத்தனர். வித்துவான்குட்டி அதன் முன்னணியில் நின்றார். அவர் இயற்றிய கீர்த்தனங்களைக் கூட்டம் கூட்டமாகப் பாடினர். இதுவரையில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

இங்கேதான் பாதை திரும்புகிறது. எழுப்புதல் கூட்டங்களில் சிலர் காட்சி காணத் தொடங்கினர். கண்ட காட்சிகள் கணக்காயின, கணக்கு நாளாயிற்று. இன்னும் ஆறே ஆண்டுகளில் கிறிஸ்து திரும்ப வருவார் என்று 1875-இல் வித்துவான்குட்டி பறைசாற்றினார். சி.எம்.எஸ். சபை அவரை நீக்கியது. அவர் வழியினர் தனிச் சபையாயினர். ஊரார் 'ஆறாண்டுக் கூட்டத்தார்' என்று பெயரிட்டனர். குறித்த 1881-ஆம் ஆண்டு வந்தது, போயிற்று. வானம் பிளக்கவில்லை! நம்பிச் சென்றோரில் பலர் வெட்கத்தோடும் வேதனையோடும் பழைய சபைகளுக்கே திரும்பினர். எஞ்சியவர்களைக் கொண்டு 'யுயோமயம்' என்ற பெயரில் ஒரு புதுச் சமயமே எழுந்தது. 1887-இல் அவர் மறைந்தார்.

தோழர்களே, இக்கதையில் என்னை உறுத்துவது ஒன்றுண்டு. அவர் பாடிய கீர்த்தனங்களைக் கேரளத்துச் சபைகள் இன்றும் உருகிப் பாடுகின்றன. பாட்டு பொய்யன்று, கண்ணீர் பொய்யன்று, துறவும் பொய்யன்று. ஆயினும் அவர் குறித்த நாள் பொய்த்தது! நல்லவர் சொல்வதெல்லாம் நல்லதாயிராது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? சொல்பவர் யாரென்று பாராது, சொல்லப்பட்டதன் மெய்யைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்தது இதற்காகவே. போதகரின் நேர்மை போதனையின் உண்மைக்குச் சான்றிதழ் ஆகாது.

சரி, 1875-இல் அக்கூட்டத்தில் இருந்த ஓர் எளிய உழவன் இதை எவ்வாறு கண்டறிந்திருக்கக் கூடும்? அவன் இறையியல் கற்றவன் அல்லன். ஆனால் அவன் கையிலிருந்த வேதமே அளவுகோல்களைத் தந்திருக்கிறது. அந்த நாளையும் நாழிகையையும் தந்தை ஒருவரே அறிவார், வானதூதரும் அறியார், மகனும் அறியார் என்கிறது மாற்கு எழுதிய நற்செய்தியின் 13-ஆம் அதிகாரம். மகனும் அறியாத நாளை மனிதன் ஒருவன் அறிந்தேன் என்றால், மேற்கொண்டு கணக்குப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆறாண்டு காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. அன்று மாலையே அவன் அமைதியாக வீடு திரும்பியிருக்கலாம்.

இரண்டாவது அளவுகோல் உபாகமத்தில் இருக்கிறது. தீர்க்கதரிசி உரைத்தது நிகழாவிடில் அது ஆண்டவர் உரைத்தது அன்று, அவனுக்கு அஞ்ச வேண்டா என்கிறது 18-ஆம் அதிகாரம். இதோடு நின்றிருந்தால் ஓர் ஓட்டை இருந்திருக்கும். உரைத்தது தற்செயலாகப் பலித்துவிட்டால்? அதற்கும் 13-ஆம் அதிகாரம் விடை வைத்திருக்கிறது: அடையாளமும் அற்புதமும் நிகழ்ந்தாலும்கூட, அவன் உன்னை இறைவனைவிட்டு வேறு வழிக்கு இழுப்பானாயின் அவனுக்குச் செவிகொடாதே! அறிவியல் மாணவனாகிய எனக்கு இந்த இரட்டைச் சோதனை மிக உவப்பானது. பாலில் நீர் கலந்தால் அதன் அடர்த்தி குறையும், பால்மானி காட்டிக்கொடுக்கும். ஆனால் நீரோடு சர்க்கரையும் சேர்த்துவிட்டால் அடர்த்தி சரியாகிவிடும், பால்மானி ஏமாறும். ஆதலின் கொழுப்பைத் தனியே அளக்கிறோம். சர்க்கரைக்குத் தனிச் சோதனை செய்கிறோம். ஒரு சோதனையில் தேறியது என்பதற்காக எதையும் உண்மையென ஒப்புவது அறிவியலும் அன்று; ஆன்மிகமும் அன்று.

மூன்றாவது அளவுகோல், கேள்வியை ஒரு போதகர் எவ்வாறு ஏற்கிறார் என்பது. அப்போஸ்தலர் பணிகளின் 17-ஆம் அதிகாரத்தில் பெரோயா நகரத்தார் வருகின்றனர். பவுல் வந்து பேசினார். அவர்கள் ஆர்வத்தோடு கேட்டனர். ஆனால் கேட்டவை மெய்தானா என்று நாள்தோறும் மறைநூலைப் புரட்டிப் பார்த்தனர். அதற்காக நூல் அவர்களைக் கண்டிக்கவில்லை. நற்குணமுடையோர் என்று பாராட்டுகிறது! பவுலையே சோதிக்கலாம் என்றால், பக்கத்துத் தெருவில் கூடாரம் அடித்திருக்கும் ஊழியக்காரரைச் சோதிக்கக் கூடாதா? "அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்டால் சாபம் வரும்" என்று எவரேனும் சொன்னால், அந்த ஒரு சொல்லே போதும். கேள்விக்கு அஞ்சுவது கள்ளப் போதகத்தின் கையொப்பம்.

கேள்வி மடிந்த இடத்தில் என்ன நிகழும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. ஜிம் ஜோன்ஸ் என்பவர் அமெரிக்காவில் 1950-களில் தொடங்கிய 'மக்கள் ஆலயம்' வெள்ளையரையும் கறுப்பரையும் ஒரே இருக்கையில் அமர்த்தியது, பசித்தவர்க்குச் சோறிட்டது. தொடக்கத்தில் அதைக் குறைகூற எவருக்கு மனம் வரும்? 1978 நவம்பர் 18 அன்று, தென்னமெரிக்கக் கயானாக் காட்டில், அவர் கட்டளையால் நஞ்சருந்தியும் நஞ்சூட்டப்பட்டும் 900-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 300 பேர் சிறுவர். நெடுநாளைக் கதை என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 2023-இல் கென்யா நாட்டின் ஷகஹோலாக் காட்டில் 400-க்கும் மேற்பட்ட உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. பட்டினி கிடந்து இறந்தால் இயேசுவைக் காணலாம் என்று அவர்களுக்குப் போதிக்கப்பட்டது என்பது வழக்கு.

நம் ஊர்களில் அவ்வளவு தூரம் போகவில்லை என்பீர்கள். உண்மை. ஆனால் ஜெபம் செய்தாயிற்று, இனி மருந்து நம்பிக்கையின்மை என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் செய்யும் குரல்களை நாம் கேட்டதில்லையா? காசநோய்க்குரிய மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாய் மாறக் கூடும். இன்சுலினையே நம்பி வாழும் நீரிழிவுச் சிறுவனுக்கு அதை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து. ஜெபம் வேண்டா என்று நான் சொல்லவில்லை. லூக்கா ஒரு மருத்துவர் என்று பவுலே எழுதியிருக்கிறார். அவரை மருத்துவத்தை விட்டுவிடச் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. அங்ஙனமே "விதைத்தால் நூறு மடங்கு அறுக்கலாம்" என்று கூலிக்காரன் மடியை அவிழ்க்கச் செய்யும் செழிப்பு உபதேசத்தையும் பாருங்கள். விதைப்பவன் குடிசையில் இருக்கிறான். அறுப்பவர் மாளிகை கட்டுகிறார். தலைசாய்க்க இடமில்லாதிருந்த ஒருவரின் பெயரால் இது நடக்கிறது!

புதிதாய் வருவதை மட்டும் சோதித்தால் போதுமென்று எண்ணிவிடாதீர்கள். பழையதும் பால்மானிக்குத் தப்பக் கூடாது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலிபீடம் ஒன்று, மக்கள் நிற்கும் கூடங்கள் இரண்டு. ஒரு சாதியார் ஒரு கூடத்தில், மறு சாதியார் மறு கூடத்தில்; ஒருவர் முகத்தை ஒருவர் பாராதபடி நடுவே சுவர். யூதன், கிரேக்கன் என்றோ, அடிமை, உரிமையாளன் என்றோ கிறிஸ்துவுக்குள் வேறுபாடு இல்லை என்று கலாத்தியர் திருமுகம் முழங்குகிறது. அதே திருமுகத்தை அதே ஆலயத்தில், இரு கூடத்தாரும் கேட்கும்படி வாசித்தார்கள்! இது கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டப்பட்ட கள்ளப் போதகம் அன்றோ? ஆயினும், வழக்கம் என்று பெயர் சூட்டப்பட்டதால் ஏறத்தாழ நாற்பது ஆண்டு அது நின்றது. 1910-இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடிக்கச் செய்தார். எதிர்ப்பு மூண்டது, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. ஆயினும் சுவர் மீண்டும் எழவில்லை. குறி சொல்பவனைக் கண்டுபிடிப்பது எளிது. நம் பாட்டனார் நின்ற கூடத்தில் நாமும் நிற்கும்போது நடுச்சுவரைக் கண்டுபிடிப்பதே அரிது.

இனி எங்களைப் போன்ற எல்லைத் தமிழர்க்கும், ஊர்விட்டு ஊர் வந்து படிக்கும் உங்களுக்கும் உரிய ஒரு செய்தி. வேலந்தாவளம் தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் ஊர். பிழைப்புத் தேடி இப்பக்கம் வந்து தங்கிய குடும்பங்களுள் எங்களதும் ஒன்று. இடுக்கி மலையில் தேயிலை பறிக்கும் தமிழர் நிலையும் இத்தகையதே. வேற்றிடத்தில் வாழ்பவனுக்கு மூன்று பசி உண்டு: உறவுப் பசி, மொழிப் பசி, மதிப்புப் பசி. மறையுரை அவனுக்குப் பாதி விளங்குகிறது, பாதி விளங்கவில்லை. அவ்வேளையில் ஒருவர் வந்து, அவன் பெயரைச் சொல்லியழைத்து, அவன் மொழியில் பேசி, அவனோடு உண்டால், அவர் கொடுப்பதையெல்லாம் அவன் வாங்கிக்கொள்கிறான். வீட்டைப் பிரிந்து, தேர்வுக்கு அஞ்சி, நள்ளிரவில் கைப்பேசியை நோக்கிக் கிடக்கும் மாணவனின் நிலையும் இதுவே. வாட்சப் குழுவில் வேதபாடம் என்று தொடங்குகிறது. "வீட்டாரிடம் இப்போது சொல்லாதே" என்பதில் வளர்கிறது. படிப்பைப் பாதியில் விடுவதில் முடிகிறது.

இதற்கு மருந்து என்ன? தாய்மொழி முதல் மருந்து. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சேறி முடிந்தது. அன்று தொடங்கி, எழுதப் படிக்கத் தெரிந்த எந்தத் தமிழனும் போதகர் சொன்னதைத் தானே சரிபார்க்கும் உரிமை பெற்றான். கத்தோலிக்க வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் தந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1963-இல். அந்த உரிமை அலமாரியில் தூங்கலாமா? ஒரு வசனத்தை எவரேனும் எடுத்தோதினால், அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனம் படியுங்கள். பாதிக் கள்ளப் போதகம் அங்கேயே கரைந்துவிடும்.

இரண்டாவது மருந்து வெளிச்சம். எந்தப் போதனையையும் வீட்டாரிடமும் நண்பரிடமும் பங்குத் தந்தையிடமும் போதகரிடமும் வெளிப்படையாகச் சொல்லிப் பாருங்கள். இருட்டில் மட்டுமே ஒளிரும் சரக்கை வாங்காதீர்கள். மூன்றாவது, கணக்கு. காணிக்கை எங்கே போகிறது என்று கேட்பது பக்திக் குறைவு அன்று. எருசலேம் ஏழைகளுக்குத் தண்டிய பணத்தைப் பவுல் தனியே கொண்டுசெல்லவில்லை. எவரும் குறைசொல்லாதபடி சபைகள் தேர்ந்தெடுத்த துணைவரை உடன்வைத்துக்கொண்டார்.

நம் சபைத் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கள்ளப் போதகரைத் திட்டுவதால் மட்டும் ஆடுகள் தொழுவத்தில் தங்கா. இளைஞன் கேள்வி கேட்டால் "வாயை மூடு" என்கிறீர்கள். அவன் வாயைத் திறக்கவிடும் இடத்தைத் தேடிப் போகிறான். புலம்பெயர்ந்தவனை ஆறு மாதம் எவரும் விசாரிக்கவில்லை. ஏழாம் மாதம் விசாரித்தவர் வீட்டுக்கு அவன் போகிறான். வித்துவான்குட்டியின் பின்னால் சென்றவர் மூடர் அல்லர், பசித்தவர். பசித்தவனுக்குச் சோறிடாமல், கெட்ட சோறு உண்டான் என்று பழிப்பதில் பொருளில்லை.

தோழர்களே! ஐயம் வேறு, அவநம்பிக்கை வேறு. பொன்னை உரைகல்லில் உரைப்பவன் பொன்னை வெறுப்பவன் அல்லன்; அதன் மதிப்பை அறிந்தவன். எல்லாவற்றையும் சோதியுங்கள், நல்லதைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதியவர் ஒரு பகுத்தறிவுப் பரப்புநர் அல்லர், அப்போஸ்தலர் பவுல்! ஆதலின் அடுத்த முறை ஒருவர் நம் விடுதிக் கதவைத் தட்டி, பரலோகத்துக்குத் தேதி குறித்தாலும், நோய்க்கு விலை குறித்தாலும், சகோதரர்க்கிடையே சுவர் குறித்தாலும், அவரை அன்போடு அமரச் செய்யுங்கள், தண்ணீர் கொடுங்கள், பிறகு, "ஐயா, இது எங்கே எழுதியிருக்கிறது? நானே படித்துப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். மெய்ப்போதகர் மகிழ்ந்து காத்திருப்பார். மற்றவர் விடைபெற்றுச் செல்வார்.